போலீஸ் அடிப்பதை போனில் எடுத்துவிட்டீர்கள்... அந்த வீடியோ சாட்சியம் ஆவது எப்படி?

2020 பிப்ரவரி 24. வடகிழக்கு டெல்லியில் கலவரம். காயத்தோடு ஐந்து இளைஞர்கள் தரையில் கிடக்கிறார்கள். சுற்றி நிற்கும் போலீசார் லத்தியால் குத்தி, தேசிய கீதம் பாடச் சொல்கிறார்கள். யாரோ ஒருவர் போனில் எடுத்த அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம்.

அந்த ஐந்து பேரில் ஒருவர் 23 வயது பைசான். அன்றிரவு அவர் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டார். வெளியே விட்ட பிறகு, சில நாட்களுக்குள் மருத்துவமனையில் இறந்துபோனார். நீதி கேட்டு அவருடைய அம்மா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். விசாரணையை சிபிஐக்கு மாற்றி உத்தரவு வந்தது 2024 ஜூலையில்.

நாடே பார்த்த வீடியோ கையில் இருந்தும் நான்கு ஆண்டுகள். ஏன்? வீடியோவில் இருந்த போலீசார் யார் என்பதை உறுதிசெய்வதே பெரிய சிக்கலாக இருந்தது. அன்றிரவு ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று காட்டியிருக்க வேண்டிய சிசிடிவி வேலை செய்யவில்லை என்று போலீஸ் தரப்பு சொன்னது.

"வீடியோ இருக்கு, இனி தப்பிக்க முடியாது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நடைமுறை அப்படி இல்லை. வீடியோ ஒரு தொடக்கம் மட்டும்தான். அதை சாட்சியமாக மாற்ற இன்னும் சில வேலைகள் இருக்கின்றன. அவை என்ன, சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது, இதற்கு முன்பு யார் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி: அரசே கணக்கு வைத்திருக்கிறதே, மக்கள் எதற்குக் கணக்கெடுக்க வேண்டும்?

அரசிடம் கணக்கு இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் கணக்கு. காவலில் யாராவது இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று 1993 டிசம்பரிலேயே மாவட்ட ஆட்சியர்களுக்கும் எஸ்பிக்களுக்கும் ஆணையம் அறிவுறுத்தியது. அப்படிப் பதிவானவற்றை வைத்து நாடாளுமன்றத்தில் மத்திய உள்துறை தந்த எண்ணிக்கை இது: 2017-18ல் 146, 2018-19ல் 136, 2019-20ல் 112, 2020-21ல் 100, 2021-22ல் 175. ஐந்து நிதியாண்டுகளில் மொத்தம் 669 போலீஸ் காவல் மரணங்கள்.

இரண்டாவது, தேசிய குற்ற ஆவணக் காப்பகமான என்சிஆர்பியின் கணக்கு. அதில் 2020ல் 76, 2021ல் 88.

ஒன்று நிதியாண்டுக் கணக்கு, மற்றது காலண்டர் ஆண்டுக் கணக்கு. அதனால் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனால் 175 எங்கே, 88 எங்கே? இவ்வளவு பெரிய இடைவெளியை மூன்று மாத வித்தியாசம் மட்டும் விளக்கிவிடாது. எதை "காவல் மரணம்" என்று எழுதுவது, யார் எழுதி அனுப்புவது என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. இரண்டு கணக்குக்கும் தகவல் கிளம்புவது உள்ளூர் நிர்வாகத்திடமிருந்தும் காவல் துறையிடமிருந்தும்தான். குற்றம்சாட்டப்படும் துறையே தகவலையும் தருகிறது என்றால் டேட்டா வேலை செய்யும் யாருக்கும் கொஞ்சம் நெருடும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காவல் மரணம் எல்லாமே அடித்ததால் வந்த மரணம் இல்லை. நோய், தற்கொலை என்றும் பதிவாகின்றன. அந்தக் காரணங்களில் எது உண்மை, எது எழுதிக்கொண்டது என்பதைச் சரிபார்க்கத்தான் வெளியிலிருந்து ஒரு ஆவணம் தேவைப்படுகிறது. மேலும், இறந்தால்தான் இந்தப் பட்டியலில் வர முடியும். அடிவாங்கி, எலும்பு முறிந்து, வீட்டுக்குத் திரும்பியவர்கள் இதில் எந்த வரிசையிலும் இல்லை.

என்சிஆர்பி தரவில் இன்னொரு கணக்கும் உண்டு. 2001 முதல் 2020 வரை 20 ஆண்டுகளில் 1,888 காவல் மரணங்கள். போலீசார் மீது பதிவான வழக்குகள் 893. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்ட போலீசார் 358. தண்டனை பெற்றவர்கள் 26.

1,888ல் தொடங்கி 26ல் முடிகிறது. அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த முன் அனுமதி தேவைப்படுவது, அதே துறையே விசாரிப்பது எனக் காரணங்கள் பல. ஆனால் பல வழக்குகள் சரியும் இடம் ஒன்றுதான்: ஸ்டேஷனுக்குள் நடந்ததற்கு போலீசைத் தவிர வேறு சாட்சி இருப்பதில்லை.

போன் வருவதற்கு முன்பு எப்படி ஆவணப்படுத்தினார்கள்?

இந்தியாவில் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. மூன்று பேரின் வேலையைப் பார்த்தால் போதும்.

*ஒரு கடிதமும் பேப்பர் கட்டிங்கும்:* 1986 ஆகஸ்ட் 26 அன்று, மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றை நடத்திவந்த டி.கே.பாசு, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். லாக்கப் மரணங்கள் பற்றி வந்த பத்திரிகைச் செய்திகளை இணைத்திருந்தார். அவ்வளவுதான். அதையே நீதிமன்றம் மனுவாக ஏற்றது. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, கைது செய்யும்போது போலீஸ் பின்பற்ற வேண்டிய 11 விதிகளை வகுத்தது. பெயர்ப்பட்டை, கைதுக் குறிப்பாணை, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை எல்லாம் அதில் வந்தவை.

*விறகுக் கணக்கு:* 1990களின் பஞ்சாபில் இளைஞர்கள் பலர் காணாமல் போனார்கள். வங்கி ஊழியரான ஜஸ்வந்த் சிங் கால்ரா, அமிர்தசரஸ் பகுதி சுடுகாடுகளின் பதிவேடுகளைத் தேடிப் போனார். போலீஸ் கொண்டுவந்து "அடையாளம் தெரியாத உடல்" என்று எரித்தவற்றுக்கு விறகு வாங்கிய கணக்கு அங்கே இருந்தது. உடல் போய்விட்டது, கணக்கு போகவில்லை. 1995 செப்டம்பர் 6 அன்று கால்ரா அவர் வீட்டிலிருந்து கடத்தப்பட்டார், பிறகு கொல்லப்பட்டார். அதன் பிறகு உச்ச நீதிமன்ற உத்தரவின்படி விசாரித்த சிபிஐ, மூன்று சுடுகாடுகளில் மட்டும் 2,097 உடல்கள் எரிக்கப்பட்டதைக் கண்டறிந்தது. அவற்றில் 585 பேர்தான் முழுமையாக அடையாளம் காணப்பட்டார்கள். கால்ரா வழக்கில் 2005ல் ஆறு போலீசாருக்குத் தண்டனை கிடைத்தது.

*1,528 பெயர்கள்:* மணிப்பூரில் கணவரையும் மகனையும் "என்கவுன்ட்டரில்" இழந்த குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கின. மனித உரிமை அமைப்பு ஒன்றோடு இணைந்து, போலீசும் ஆயுதப் படைகளும் செய்ததாகச் சொல்லப்பட்ட 1,528 கொலைகளைத் தொகுத்து 2012ல் உச்ச நீதிமன்றம் போனார்கள். முன்னாள் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையிலான குழு மாதிரிக்கு ஆறு வழக்குகளை எடுத்து விசாரித்தது. ஆறுமே உண்மையான மோதல் இல்லை என்று அறிக்கை தந்தது. 2017 ஜூலையில் சிபிஐ விசாரணைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

மூவருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. யாரும் சம்பவத்தைப் படம் பிடிக்கவில்லை. தேதி, இடம், பெயர், ஆவணம் என்று வரிசையாக எழுதினார்கள். இன்று நம் கையில் கேமரா இருக்கிறது, ஆனால் அந்த வரிசைதான் பல நேரம் விட்டுப்போகிறது.

தமிழ்நாட்டில் கேமரா எதை மாற்றியது?

2020 ஜூன், சாத்தான்குளம். ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் தரையில் உருண்டு தாங்களே காயப்படுத்திக்கொண்டார்கள் என்று எஃப்ஐஆர் சொன்னது. பக்கத்துக் கடை சிசிடிவியில் அப்படி எதுவும் இல்லை. அதே சமயம், ஸ்டேஷனுக்குள் இருந்த சிசிடிவி பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஹார்ட் டிஸ்கில் போதுமான இடம் இருந்தும் இப்படி என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை தந்தார். கடைக்காரரின் கேமரா பேசியது, அரசின் கேமரா பேசவில்லை. உள்ளே நடந்ததைச் சொல்ல, அதே ஸ்டேஷனில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் சாட்சியாக முன்வர வேண்டியிருந்தது.

2025 ஜூன், திருப்புவனம் அருகே மடப்புரம். நகை காணாமல் போனதாக வந்த புகாரில் கோயில் காவலாளி அஜித்குமாரைத் தனிப்படை போலீசார் அடித்தார்கள். அதை ஒரு கோயில் ஊழியர் மறைந்திருந்து போனில் எடுத்தார். சில விநாடிகள்தான் இருக்கும். அந்த வீடியோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முன் வந்தது. போலீசார் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. வீடியோ எடுத்தவர் தனக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்க வேண்டிய நிலையும் வந்தது. ஆவணப்படுத்துவதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு "எல்லாரும் போனை எடுங்க" என்று சொல்வது சரியாகாது.

சரி, போலீசை வீடியோ எடுக்கலாமா? எடுத்தா கேஸ் போடுவாங்களா?

பொது இடத்தில் பணியில் இருக்கும் போலீசாரை வீடியோ எடுக்கக் கூடாது என்று இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. பேச்சு, கருத்துச் சுதந்திரத்தைத் தரும் அரசியலமைப்பின் 19(1)(a) பிரிவுதான் இதற்கு அடிப்படை.

ஆனால் கேஸ் போட வழி இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 221வது பிரிவு, அரசு ஊழியரின் பணியைத் தடுப்பது பற்றியது. மூன்று மாதம் வரை சிறை. 132வது பிரிவு, பணியைத் தடுக்க அரசு ஊழியரைத் தாக்குவது அல்லது பலப்பிரயோகம் செய்வது பற்றியது. இரண்டு ஆண்டு வரை சிறை. தள்ளி நின்று எடுப்பது "தடுப்பது" ஆகாது. நடுவில் போய் நின்றால், கையைப் பிடித்தால், கூட்டத்தைத் திரட்டிக் கத்தினால் இந்தப் பிரிவுகளுக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள்.

ஸ்டேஷனுக்குள் எடுத்தால்? அலுவல் ரகசியச் சட்டத்தில் வழக்குப் போட்ட ஒரு சம்பவத்தில், காவல் நிலையம் அந்தச் சட்டம் சொல்லும் "தடை செய்யப்பட்ட இடம்" அல்ல என்று பாம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022ல் வழக்கை ரத்து செய்தது. பிற மாநிலங்களில் இதை வாதமாக எடுத்துவைக்கலாம். அங்கேயே நின்று போலீசிடம் வாதாட இது உதவாது.

போனைப் பிடுங்கினால்? சட்டப்படி பறிமுதல் செய்தால் அதற்குப் பறிமுதல் பட்டியல் தர வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் ஆடியோ, வீடியோவாகப் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105வது பிரிவு. பட்டியல் தராமல் வாங்கிவைத்துக்கொண்டாலோ அழிக்கச் சொன்னாலோ, அதையும் தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள்.

வீடியோ எடுத்தாயிற்று. முதல் 24 மணி நேரத்தில் என்ன செய்வது?

இங்கேதான் பெரும்பாலான ஆதாரங்கள் வீணாகின்றன.

1. நான்கு கேள்விக்குப் பதில் இருக்கிறதா? எப்போது, எங்கே, யார், அதன் பிறகு எங்கே கொண்டுபோனார்கள். கடைப் பலகை, தெரு முனை, ஜீப்பின் நம்பர், சட்டையில் பெயர்ப்பட்டை: இவை ஃபிரேமில் வந்தால் வீடியோவின் மதிப்பே மாறிவிடும். கைது செய்யும் அதிகாரி பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிய வேண்டும் என்பது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36வது பிரிவு. பெயர்ப்பட்டை இல்லை என்றால் அதுவும் பதியப்பட வேண்டிய தகவல்தான்.

2. ஒரிஜினலைத் தொடாதீர்கள். வெட்டாதீர்கள், எழுத்தோ பாட்டோ சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரம் போன்ற மெட்டாடேட்டாவும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கிளவுடில் ஒன்று, நம்பும் ஒருவரிடம் ஒன்று என இரண்டு பிரதி வையுங்கள்.

3. ஹேஷ் எடுத்துவையுங்கள். ஒரு ஃபைலுக்கான டிஜிட்டல் கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பிட் மாறினாலும் இது மாறிவிடும். எலக்ட்ரானிக் சாட்சியத்துக்கு பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63வது பிரிவு கேட்கும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். எஸ்ஹெச்ஏ-256 எடுக்க லேப்டாப்பில் ஒரே ஒரு கமாண்ட் போதும். ஐடியில் வேலை செய்கிறவர்கள் ஒரு குடும்பத்துக்கு ஐந்து நிமிடத்தில் செய்துகொடுக்கக்கூடிய உதவி இது. வீடியோ எடுத்த போனையே நீதிமன்றத்தில் ஒப்படைத்து அதன் உரிமையாளர் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்பதை 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதனால் அந்த போனை விற்றுவிடாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

4. அன்றிரவே எழுதுங்கள். மற்றவர்களோடு பேசுவதற்கு முன்பு, கண்ணால் பார்த்தது தனியாக, காதால் கேட்டது தனியாக. உங்களுக்கே இமெயில் அனுப்பிக்கொண்டால் தேதியும் நேரமும் பதிவாகிவிடும்.

5. முதலில் குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும், பிறகுதான் சமூக வலைதளம். அடிபட்டவர் முகம் ஊர் முழுக்கப் பரவ வேண்டுமா என்பதை அவரோ குடும்பமோ முடிவு செய்யட்டும். பாலியல் வன்முறை என்றால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

குடும்பம் என்னென்ன கேட்க உரிமை உண்டு?

பலர் இதைக் கேட்பதே இல்லை. கேட்டாலே ஒரு ஆவணம் உருவாகிறது. தர மறுத்தால் அந்த மறுப்பும் ஆவணம்தான். கீழே உள்ளவை எல்லாம் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவுகள்.

- கைதுக் குறிப்பாணை: குடும்பத்தினரோ அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும் (பிரிவு 36).
- கைதானவர்களின் பெயர் பட்டியல்: ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையகத்திலும் வெளிப்படையாக வைக்க வேண்டும் (பிரிவு 37).
- விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை (பிரிவு 38).
- மருத்துவப் பரிசோதனை: காயங்களைக் குறிப்பிட்ட அறிக்கையின் பிரதி கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ தரப்பட வேண்டும் (பிரிவு 53).
- 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர் (பிரிவு 58). காயம் இருந்தால் அங்கேயே சொல்வது மிக முக்கியம்.
- காவலில் மரணம், காணாமல் போவது, பாலியல் வல்லுறவு என்றால் போலீஸ் விசாரணையோடு சேர்த்து மாஜிஸ்திரேட் விசாரணையும் கட்டாயம் (பிரிவு 196).

ஸ்டேஷன் சிசிடிவியைக் கேட்டு வாங்க முடியுமா?

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக உத்தரவிட்டது. நாட்டின் எல்லா காவல் நிலையங்களிலும் நுழைவாயில், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை, கழிப்பறைக்கு வெளியே என எல்லா இடத்திலும் கேமரா இருக்க வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும். பதிவுகள் 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். சிபிஐ, என்ஐஏ, அமலாக்கத் துறை அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

நடைமுறை? 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து மறுபடி வழக்கு எடுத்தது. காரணம், ராஜஸ்தானில் ஏழெட்டு மாதங்களில் 11 பேர் போலீஸ் காவலில் இறந்ததாக வந்த ஒரு பத்திரிகைச் செய்தி. டி.கே.பாசு பேப்பர் கட்டிங் அனுப்பி 39 ஆண்டுகள் கழித்தும் ஒரு பத்திரிகைச் செய்திதான் நீதிமன்றத்தை அசைக்க வேண்டியிருக்கிறது.

அதனால் காத்திருக்காதீர்கள். "இந்தத் தேதி, இந்த மணியிலிருந்து இந்த மணி வரையிலான பதிவைப் பாதுகாக்கவும்" என்று எஸ்பிக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அன்றே எழுதுங்கள். இமெயிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலும் அனுப்புங்கள். இப்படி எழுதிய பிறகும் பதிவு அழிந்தால் "தெரியாமல் அழிந்துவிட்டது" என்று சொல்வது கடினம். உயிர், சுதந்திரம் தொடர்பான ஆர்டிஐ மனுவுக்கு 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. மனித உரிமை ஆணையத்தில் புகார் தரக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் தர வேண்டும்.

வீடியோ எடுத்தவருக்கு என்ன பாதுகாப்பு?

சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம், 2018ஐ உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுக்க அமலாக்கச் சொன்னது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு செய்யலாம். மிரட்டல் எந்த அளவுக்கு என்று மதிப்பிட்டு பாதுகாப்பு தரப்படும். அந்த மதிப்பீட்டு அறிக்கையைத் தருவது போலீஸ்தான் என்பது இதில் உள்ள பலவீனம். அதனால் உள்ளூர் ஸ்டேஷன் மீதே புகார் என்றால் உயர் நீதிமன்றத்தை நேரடியாக அணுகுவதைப் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சித்திரவதையைத் தடுக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லையா?

இல்லை. ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை உறுதி செய்து ஏற்கவில்லை. 2010ல் மக்களவையில் நிறைவேறிய மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. 2017ல் சட்ட ஆணையம் தனது 273வது அறிக்கையில் மறுபடி பரிந்துரைத்தது. அதோடு நிற்கிறது.

அதுவரை, மரணங்களுக்கும் தண்டனைகளுக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியைச் சாதாரண ஆட்கள் எழுதிவைக்கும் குறிப்புகளைக் கொண்டுதான் நிரப்ப வேண்டியிருக்கிறது. பைசானின் வீடியோவில் தேதி இருந்தது, இடம் இருந்தது, முகமும் குரலும் இருந்தன. லத்தி பிடித்த கைகள் யாருடையவை என்பது மட்டும் இல்லை. அந்த ஒரு பதிலைத் தேட நான்கு ஆண்டுகள் போயின. அடுத்த முறை தெருவில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்து போனை எடுத்தால், முகத்தோடு சேர்த்துப் பெயர்ப்பட்டையையும் ஜீப் நம்பரையும் ஒரு விநாடி எடுத்துவிடுங்கள். எடுக்க முடியவில்லையா? பார்த்ததைத் தேதியோடு எழுதிவையுங்கள், அதுவும் சாட்சியம்தான்.